அம்பு திரும்பும் இடம்

மார்ச் 7

தங்கச்சிக்கு,

நேற்று கடைக்கு வந்த ஒரு அம்மாவிடம், நீ நெய்த பட்டையைக் காட்டி, நான் நெய்தது என்று சொல்லிவிட்டேன்.

நீ இரண்டாவது வரி வரை வருவாயோ மாட்டாயோ என்றுதான் முதல் வரியிலேயே போட்டு உடைத்தேன். போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கிழிப்பதற்கு முன் கொஞ்சமாவது கண்ணில் படும்.

அந்த அம்மா நாடகக் குழுக்களுக்கு உடை தைத்துக் கொடுப்பவர். பொத்தான் வாங்க வந்தார். கண்ணாடி அலமாரியின் மூலையில் உன் பட்டைச் சுருள் ஒன்று கிடந்தது. சிவப்பிலும் கறுப்பிலும் அம்பு முனைகள் வரிசையாக ஓடுமே, அது. எடுத்தார், விரலால் தடவினார், ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இது மிஷின்ல ஓட்டினது இல்லையே. அட்டை நெசவுல்ல? யார் நெய்தது?"

"நான்தாங்க."

முப்பது வருடம் வியாபாரம் செய்திருக்கிறேன். சுமாரான சரக்கை நல்ல சரக்கு என்று சொன்னதுண்டு. அடுத்தவர் கையை என் கை என்று சொன்னதில்லை. வாய் முந்திக்கொண்டது.

பட்டையை வாங்கிக்கொண்டார். அதோடு கிளம்பியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அவர் போகவில்லை. "எங்க தையல் கூடத்துல ஒரு மத்தியானம் வந்து நெய்து காட்டுங்களேன். அடுத்த நாடகத்துல எல்லா உடுப்புக்கும் இதையே கரையா வைக்கலாம்னு பார்க்கிறேன்" என்றார். ஏப்ரல் எட்டு, சனிக்கிழமை. நான் தலையை ஆட்டிவிட்டேன். ஆட்டிய தலையை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

எனக்கு அட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. கற்றுக்கொடு. கடிதத்திலேயே எழுது போதும்.

அண்ணன்


மார்ச் 11

அண்ணனுக்கு,

கடை உங்களுடையது, அலமாரி உங்களுடையது, வாய் உங்களுடையது. கை மட்டும் ஏன் என்னிடம் கடன் கேட்கிறீர்கள்?

உங்களுக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். ஒட்டில்லாத ஒரே நீளப் பட்டை, மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து நெய்தது. மாடியிலிருந்து இறக்கிக்கொண்டு வந்து உங்கள் மேஜையில் வைத்தேன். கடையில் ஆள் நிறைந்திருந்தது. நீங்கள் அதை விரித்துக்கொண்டே போனீர்கள். அம்பெல்லாம் ஒரு திசையில் போய்க்கொண்டிருந்து, ஓரிடத்தில் எதிர்த்திசைக்குத் திரும்பியது. "இதென்ன, பாதியில புத்தி மாறிப்போச்சா?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். உங்களுக்குச் சிரிப்பு பிடித்துப்போனது. கத்திரியை எடுத்து, அம்பு திரும்புகிற இடத்தையெல்லாம் தேடித் தேடி வெட்டித் தரையில் போட்டீர்கள். மிச்சத்தை ஒட்டுத் தைத்து, "இப்பத்தான் பிசகில்லாத சரக்கு" என்றீர்கள். வெட்டிப் போட்டதைக் கழித்துத்தான் எனக்கு அளந்து காசு கொடுத்தீர்கள்.

ஏன் அம்பு அங்கே திரும்புகிறது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நான் யாரிடமும் கற்கவில்லை. நீங்கள் காயலான் கடையில் பெட்டியோடு வாங்கிவந்து, படமில்லாத சீட்டு என்று குப்பையில் போடப்போன, நான்கு மூலையிலும் ஓட்டை போட்ட அட்டைகளையும், அதே பெட்டியில் கிடந்த பழைய பட்டையையும் வைத்து, அவிழ்த்து அவிழ்த்துக் கற்றேன். உங்களிடமும் என் பட்டை இருக்கிறது. அவிழ்த்துப் பாருங்கள்.

தங்கை


மார்ச் 14

தங்கச்சிக்கு,

அவிழ்த்தேன். அந்த அம்மா வாங்கியது போக மிச்சமிருந்த பட்டை போய்விட்டது, ஒன்றும் வரவில்லை. மேஜை மேல் ஒரு கைப்பிடி நூல் கிடக்கிறது.

உன் அண்ணியிடம், நீயாவது ஒரு வார்த்தை எழுதேன் என்றேன். "வெட்டினப்போ என்னைக் கேட்டா வெட்டுனீங்க?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அன்று தரையில் விழுந்த துண்டுகளில் ஒன்றை அவள்தான் பொறுக்கி வைத்திருந்தாள் போலிருக்கிறது. சமையலறை ஜன்னல் கொக்கியில் கட்டியிருக்கிறாள். கதவு காற்றில் அடிக்காமல் இருக்கவாம். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் என் முகத்துக்கு நேரே நிற்கிறது.

ஏன் "நான்தான்" என்று சொன்னேன் என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். என் தங்கை நெய்தது என்று சொல்லியிருந்தால், அந்த அம்மா அடுத்ததாக "அவங்களைப் பார்க்கலாமா?" என்று கேட்டிருப்பார். நீங்கள் காலி பண்ணிப் போனதிலிருந்து மாடி பூட்டிக் கிடக்கிறது. ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று நான் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதைச் சொல்வதற்குப் பொய் சுலபமாக இருந்தது. பேராசையில் சொல்லியிருந்தால்கூட வியாபாரி புத்தி என்று விட்டுவிடலாம். இது வெட்கத்தில் சொன்ன பொய்.

அன்று நான் செய்தது சரியில்லை. இந்த வரியை எழுத மூன்று தாள் கிழித்தேன்.

அண்ணன்


மார்ச் 19

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் மாப்பிள்ளையிடம் வாசித்துக் காட்டினேன். பஸ்ஸை எடுக்கிற அவசரத்தில் சாவியைத் தேடிக்கொண்டே, "மச்சான் மூணு தாள் கிழிச்சாரா? அந்த ஆளு பழைய உறையைக்கூடத் திருப்பி ஒட்டி அனுப்புறவராச்சே. சொல்லிக்கொடுடி" என்றார். அவர் சொன்னதற்காக எழுதுகிறேன்.

கெட்டி அட்டையில் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். நான்கு மூலையிலும் ஓட்டை. ஓட்டைக்கு ஒரு நூல் என்று அட்டைக்கு நான்கு நூல். உங்களுக்குப் பதினாறு அட்டை போதும். அட்டைகளைச் சீட்டுக்கட்டு போலச் சேர்த்து நிறுத்துங்கள். நூல்களின் ஒரு முனையை மொத்தமாகச் சேர்த்து ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். மறு முனையை உங்கள் இடுப்பு பெல்ட்டில் கட்டிக்கொண்டு, நூல் விறைப்பாக நிற்கும்வரை பின்னால் நகர்ந்து உட்காருங்கள். இந்த நெசவில் தறி நீங்கள்தான். சாய்ந்து உட்கார்ந்தால் தறியும் சாய்ந்துவிடும்.

மேல் ஓட்டை நூலுக்கும் கீழ் ஓட்டை நூலுக்கும் நடுவே ஒரு வழி திறந்திருக்கும். நான் அதை வாய் என்பேன். அதற்குள் குறுக்காக ஊடை நூலை நுழைத்து, மரஸ்கேலால் அடித்து நெருக்குங்கள். பிறகு கட்டு முழுவதையும் முன்பக்கமாகக் கால் சுற்று திருப்புங்கள். வேறு வாய் திறக்கும். மறுபடி ஊடை, மறுபடி அடி, மறுபடி கால் சுற்று. அவ்வளவுதான் நெசவு.

ஒன்றை மறக்காதீர்கள். பாதி அட்டைகளில் நூல் இடப்பக்கத்திலிருந்து நுழைய வேண்டும். மறு பாதியில் வலப்பக்கத்திலிருந்து. அப்போதுதான் நடுவில் அம்பு முனை கூடும்.

தங்கை


மார்ச் 25

தங்கச்சிக்கு,

முதலில் செய்தது உருப்படவில்லை. சிரித்துக்கொள்.

கெட்டி அட்டை தேடிப் போகாமல், வீட்டில் கிடந்த சீட்டுக்கட்டை எடுத்து ஓட்டை போட்டேன். மாடியில் நீங்கள் இருந்த அறையைத் திறந்து, அந்த ஜன்னலில்தான் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கீழே சத்தம் கேட்டு உன் அண்ணி மேலே வந்தாள். கையில் சீட்டு, இடுப்பில் கயிறு. கதவிலேயே நின்றுவிட்டாள். "சீட்டாடித் தோத்துட்டு யார்கிட்டயோ கட்டி வச்சுட்டுப் போயிட்டாங்களா?" என்றாள்.

பட்டை வந்தது. ஆனால் இடுப்பிலிருந்து அவிழ்த்ததும் பாம்பு மாதிரி சுருண்டுகொண்டது. அயர்ன் பண்ணினேன், மறுபடி சுருண்டது. நூல் கோத்து நிறுத்தியபோதே, ராணியும் ராஜாவும் பாதிப் பேர் இந்தப் பக்கமும் பாதிப் பேர் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. கடையில் ஒரு பெட்டி விலைச்சீட்டு தலைகீழாக இருந்தால்கூடத் திருப்பி வைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவேன், உனக்குத் தெரியும். எல்லா முகமும் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி அழகாக அடுக்கினேன். நீ சொன்ன இடம் வலம் எல்லாம் ஒரே பக்கமாகிவிட்டது. அம்பும் போச்சு, பட்டையும் முறுக்கிக்கொண்டது. உன் கடிதத்தை மறுபடி வாசித்த பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இப்போது நேராக வருகிறது. அம்பு தெரிகிறது. ஒரு சாண் நெய்வேன், வெட்டி எடுத்துக் கீழே போய் அண்ணியிடம் காட்டுவேன், நூலைச் சீவிவிட்டு மறுபடி புதிதாகக் கட்டுவேன். ஓரம் இன்னும் எலி கடித்த மாதிரி இருக்கிறது. முதுகு இரண்டாகப் பிளக்கிறது. நீ மழைக்காலம் முழுக்க இப்படியா உட்கார்ந்திருந்தாய்? மாடியில் உனக்கு ஒரு நல்ல நாற்காலிகூட இல்லை என்பதை அந்த ஸ்டூலில் உட்கார்ந்த பிறகுதான் கவனிக்கிறேன்.

இன்னும் ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கிறதா? இருந்தால் எழுது. அந்தக் கூடத்தில் எல்லோரும் ஊசி பிடித்த கைகள். ஏமாற்ற முடியாது.

அண்ணன்


மார்ச் 29

அண்ணனுக்கு,

சீட்டுக்கட்டு ராணியைக்கூட நேராக நில் என்று அதட்டியிருக்கிறீர்கள். மாப்பிள்ளை டிப்போவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துவிட்டார்.

ஓரம் சரியாக வர, ஊடை நூலை இழுத்துவிட்டு அடிக்காதீர்கள். தளர்வாக விட்டு, அடுத்த வாய் திறந்த பிறகு இழுங்கள்.

இனி சொல்வதற்கு ஒன்றுமில்லை. போய் நெய்து காட்டுங்கள்.

தங்கை


ஏப்ரல் 6, வியாழன்

அண்ணா,

போன கடிதத்தில் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று எழுதினேன். இருக்கிறது. வேண்டுமென்றேதான் விட்டேன்.

அட்டையை முன்பக்கமாகவே திருப்பிக்கொண்டு போனால், அட்டைக்கு அந்தப் பக்கம், ஜன்னலுக்கும் அட்டைக்கும் நடுவே, நூலில் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் கயிறு மாதிரி இறுகிவிடும். வாய் திறக்காது. நீங்கள் சாண் சாணாக வெட்டி எடுத்து, நூலைச் சீவிச் சீவிக் கட்டுவதால் அது உங்களுக்கு இன்னும் எதிர்ப்படவில்லை. சனிக்கிழமை எதிர்ப்படும். அத்தனை பேர் முன்னால். அது எனக்குத் தெரிந்தேதான் எழுதாமல் விட்டேன்.

அப்போது அட்டைக் கட்டைப் பின்பக்கமாகத் திருப்ப வேண்டும். முன்னால் திருப்பிய அளவு பின்னாலும் திருப்பினால் முறுக்கு இறங்கிவிடும். அப்படித் திருப்புகிற இடத்தில் அம்பு எதிர்த்திசைக்கு மாறும். நீங்கள் பிசகு என்று வெட்டிப் போட்டீர்களே, அந்த இடம்தான். அது இல்லாமல் நீளப் பட்டை இல்லை.

உங்களுக்கு ஒருநாள் அது புரிய வேண்டும், எனக்கு நேர்ந்த மாதிரியே ஆட்கள் முன்னால் நேர வேண்டும் என்று நினைத்தேன். நினைக்க நன்றாகத்தான் இருந்தது. நேற்று மாப்பிள்ளையிடம் சொன்னேன், சிரிப்பார் என்று. அவர் சிரிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "அவர் உனக்கு வெட்டினது பட்டையைத்தான். நீ மூக்கையே வெட்டப் பார்க்கிற" என்றார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

கடைக்குப் போன் போட்டேன். அண்ணி எடுத்தால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள் எடுத்தீர்கள். "ஹலோ, யாருங்க?" என்றீர்கள். வைத்துவிட்டேன்.

இன்று தபாலில் போடுகிறேன். வெள்ளிக்கிழமை கிடைத்துவிட வேண்டும்.

தங்கை


ஏப்ரல் 10, திங்கள்

தங்கச்சிக்கு,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. அதைப் பிரிக்கும்போது எனக்கு அதிலிருக்கும் எல்லாமே தெரிந்திருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். தையல் கூடம் ஒரு கட்டடத்தின் மேல்மாடி. தலையில்லாத பொம்மைகள் வரிசையாக நின்றன. அயர்ன் பெட்டியின் ஆவி. நீளமான வெட்டு மேஜையைச் சுற்றி எல்லோரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஜன்னலில் நூலைக் கட்டினேன், இடுப்பில் கட்டினேன், ஆரம்பித்தேன். நன்றாகவே போனது. பாதிக் கை நெய்தது, பாதி வாய் நெய்தது. "இதுல தறி நான்தாங்க" என்று உன் வரியைக்கூட என் வரியாக எடுத்து விட்டேன். சிரித்தார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது.

பிறகு கட்டு கையில் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. அட்டைகள் நிற்காமல் சாய்ந்தன. அந்தப் பக்கம் நூலெல்லாம் கயிறாகத் திரண்டு நின்றது. திருப்பினேன், வாய் திறக்கவில்லை. இழுத்தேன், ஜன்னல் கம்பிதான் முனகியது. பேசிக்கொண்டிருந்த என் வாயும் மூடிக்கொண்டது. கழுத்தில் அளவு நாடா போட்டிருந்த ஒரு ஆள், "என்ன சார், பூட்டிக்கிச்சா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம். வேலை தெரிந்தவர்கள், அடுத்தவர் கை நிற்பதைப் பார்த்தால் சிரிக்க மாட்டார்கள். காத்திருப்பார்கள்.

முறுக்கு ஏறினால் ஏறின வழியே இறக்க வேண்டும் என்று கயிறு விற்ற எனக்குத் தெரியாதா? கட்டைப் பின்பக்கம் திருப்பினேன். வாய் திறந்தது. ஊடையை விட்டேன், அடித்தேன், மறுபடி பின்பக்கம். கொஞ்சம் கொஞ்சமாக நூல் தளர்ந்தது. அப்பாடா என்று கீழே பார்த்தேன்.

அம்பு திரும்பியிருந்தது.

அந்த இடத்தை எனக்குத் தெரியும். எங்கள் சமையலறை ஜன்னல் கொக்கியில் தினமும் பார்க்கிறேன். என் கையிலேயே அது வந்து நின்றது. பாதியில் எனக்கும் புத்தி மாறிப்போயிருந்தது.

அந்த அம்மா எழுந்து வந்து அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மேஜையில் வைத்திருந்த உன் பட்டையை எடுத்து விரித்தார். அன்று என்னிடம் வாங்கிப்போனது.

"இதுல அம்பு திரும்புற இடமே இல்லையே. அது வர வேண்டிய இடத்துல எல்லாம் ஒட்டுத்தையல் இருக்கு. நெய்றவங்க யாரும் அதை வெட்ட மாட்டாங்களே."

வேறு ஏதாவது கதை சொல்லியிருக்கலாம். எனக்குக் கதைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இடுப்பில் கயிறு கட்டி ஜன்னலோடு சேர்த்து நிற்கிறவன் எங்கே ஓடுவான்?

"நெய்தவ வெட்டலைங்க. நான் வெட்டினேன்."

"அப்போ நெய்தது?"

"என் தங்கச்சி. இந்த ஊர்ல இல்ல இப்போ."

"ஏன்?"

"அதுக்கும் இதே கத்திரிதாங்க."

அந்த அளவு நாடா ஆள் மெதுவாக வந்து என் இடுப்பு முடிச்சை அவிழ்த்துவிட்டார். நான் அவிழ்க்கப் போய் இன்னும் இறுக்கிவிட்டிருந்தேன். அந்த மாதிரி ஒரு உதவியை யாரிடமும் வாங்கிக்கொள்ளாதே. தாங்காது.

கிளம்பும்போது அந்த அம்மா வாசல் வரை வந்தார். "வெட்டாத பட்டை கிடைச்சா எடுத்துக்கறேன். அம்பு திரும்புற இடத்தை ஒவ்வொரு உடுப்புலயும் நெஞ்சுக்கு நேரா வச்சுத் தைப்பேன். அந்த இடம்தானேங்க பார்க்கிறதுக்கே. அவங்க கையாலதான் வேணும், உங்க கையால வேண்டாம்" என்றார்.

நல்லதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை விற்ற வியாபாரி இந்தத் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வீட்டுக்கு வந்து ஜன்னல் கொக்கியில் இருந்ததை அவிழ்த்தேன். "எதுக்கு?" என்றாள் உன் அண்ணி. அயர்ன் பண்ணணும் என்றேன். "கதவு அடிக்குமே." அடிக்கட்டும் என்றேன்.

நீ எழுதாமல் விட்டதற்கு வருத்தப்படாதே. எழுதியிருந்தால் நான் தலையாட்டியிருப்பேன், அதற்கு மேல் ஒன்றும் ஏறியிருக்காது.

அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்ல? உன் பதில்தான் என் பதில்.

அண்ணன்


ஏப்ரல் 15

அண்ணா,

உங்கள் கடிதத்தை மாப்பிள்ளைதான் முதலில் பிரித்தார். முடிச்சை அவிழ்த்துவிட்ட இடம் வந்ததும் தாளை என்னிடம் நீட்டிவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டார். நான் வாசித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த முடிச்சு இறுகியதற்கு நானும் காரணம். ஏறிய வழியே இறக்கத் தெரியாமல் இரண்டு பேருமே முன்பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

வெட்கத்தில் நாம் சமமாகிவிட்டோம். வேலையில் ஆகவில்லை. ஆகவே கேளுங்கள்.

நெய்து தருகிறேன். மாடிக்கு இப்போதைக்கு வரமாட்டேன், இங்கிருந்தே அனுப்புவேன். பட்டையில் உங்கள் கத்திரி படக்கூடாது, முனையில்கூட. யார் நெய்தது என்று கேட்டால் என் தங்கை என்று சொல்ல வேண்டும், கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். விலையை நான் சொல்வேன், மீட்டருக்கு ஐந்நூறு. அளக்கும்போது எதையும் கழிக்கக்கூடாது.

அன்று கூடத்தில் நீங்கள் நெய்ததை எனக்கு அனுப்புங்கள். ஓரம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தங்கை


ஏப்ரல் 19

தங்கச்சிக்கு,

நான் நெய்தது இதோடு வருகிறது. ஓரத்தைப் பற்றி மாப்பிள்ளையிடம் சொல்லாதே, டிப்போ வரைக்கும் போகும்.

ஒரு இடத்திலாவது பேரம் பேசாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது என்பது உனக்குத் தெரியும். ஐந்நூறு என்றால் அந்த அம்மா குறைத்துக் கேட்பார், நான் குறைப்பேன், பிறகு உன்னிடம் பொய் சொல்ல வேண்டிவரும். பொய்க்கு இனி என்னிடம் சரக்கு இல்லை. அவரிடம் நேராகவே பேசி முடித்துவிட்டேன். உன் பெயரில்தான் பேசினேன். உனக்குச் சம்மதமில்லை என்றால் முறித்துவிடுகிறேன், எனக்கு அதில் வெட்கமில்லை.

மாடிக்கு ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன், முதுகு வைத்தது. வா என்று சொல்லவில்லை. கிடக்கட்டும்.

முடிவானது இது. பட்டை உன் கையால். விலைச்சீட்டில் "என் தங்கை நெய்தது" என்று என் கையால் எழுதிக் கட்டுவேன். முனையை நீயே வெட்டி முடிந்து அனுப்பு, இங்கே கத்திரி தொடாது. கடைக்குக் கழிவு, கமிஷன் எதுவும் கிடையாது. மீட்டருக்கு நானூற்றைம்பது, அம்பு திரும்பும் இடத்தையும் சேர்த்து அளந்து.

அண்ணன்